எடை குறையாத வேப்பங்கன்றுகள்

மண்ணை உலர்த்தும் சோளகக் காற்று வீசும் நாட்களில் ஒரு பைக்கன்றின் எடை குறையாமல் இருந்தால், அதைச் சந்தேகப்படுங்கள். நாற்றுப்பண்ணை வேலைக்குப் புதிதாக வருபவர்களிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான்.

இணுவிலில் ஒரு தனியார் பண்ணைக்குத் தண்ணீர் விடும் அட்டவணை போட்டுக் கொடுக்கப் போயிருந்தேன். முறை எளிது. பைக்கு நிறையத் தண்ணீர் விட்டு, வடிந்தபின் எடை பார்க்க வேண்டும். மறுநாள் காலை திரும்பவும் பார்த்தால், குறைந்திருக்கும் எடைதான் மண்ணும் இலையும் இழந்த நீர். அவ்வளவைத் திருப்பிக் கொடுத்தால் போதும். மற்ற வரிசைகள் கணக்குக்கு ஒத்துவந்தன. வேம்பு வரிசையில் மட்டும் எடை இறங்கவேயில்லை. இலைகளோ மஞ்சளாகிக்கொண்டிருந்தன.

பண்ணைக்கார அண்ணை சிரித்தார். "பிள்ளை, உம்மடை தராசுக்கு வயது போட்டுது. பென்சன் குடுத்து அனுப்பும்."

மூன்று காரணங்களை எழுதிக்கொண்டேன்: தராசுப் பிழை, வேர் அழுகல், வேறு யாரோ தண்ணீர் விடுவது. தராசு சரியாக இருந்தது. ஒரு பையைக் கிழித்தேன். வேர் கறுத்து நாறியது. மூன்றாவதைப் பார்க்க அன்று மாலை வீட்டுக்குப் போகாமல் நின்றேன்.

வேலையாட்கள் போனபின் தங்கராசா ஐயா வாளியோடு வந்தார். அந்த வேப்பங்கன்றுகளுக்கு ஓடர் கொடுத்தவர் அவர்தான். வீதி விபத்தில் இறந்த மகனின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு வருபவர்களுக்கு, ஆளுக்கொரு கன்று கொடுக்க நினைத்திருந்தார்.

"ஐயா, ஒவ்வொரு நாளும் ஊத்துறனீங்களோ?"

"ஓம் பிள்ளை. இந்தக் காத்துக்குப் பாவம், வாடிப்போகுதுகள். எனக்கும் வீட்டிலை சும்மா இருக்கேலாமல் கிடக்கு." பிறகு என் கையிலிருந்த வேரைப் பார்த்தார். "ஏன், நான் ஊத்தினதாலையோ பழுதாப்போச்சு?"

மண் கலவையில் பழியைப் போட்டிருக்கலாம். போட்டால் நாளையும் ஊற்றுவார், மிச்சமும் அழுகும்.

"ஓம் ஐயா. தண்ணி கூடிப்போச்சு."

வாளியைக் கீழே வைத்தார். "அவனுக்கு மோட்டச்சைக்கிள் வேண்டிக் குடுத்ததும் நான்தான்."



அதன்பின் அவர் பண்ணைப் பக்கம் வரவில்லை. அழுகாத பைகளைப் பிரித்தெடுத்து, எடை இறங்கும்வரை காயவிட்டோம். பாதிக்கு மேல் செத்துப்போயின; அவற்றுக்குப் பதிலாக நாவல் கன்றுகளை வைத்தோம். அந்தியேட்டிக்கு முதல்நாள் லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தில் கன்றுகளை ஏற்றிப்போக வந்த தங்கராசா ஐயா, படலை வாசலிலேயே நின்றுவிட்டார்.

"நீங்களே ஏத்துங்கோ பிள்ளை. என்ரை கை படவேண்டாம்."

அன்று காலை எடை பார்த்தபோது வேப்பங்கன்றுகள் நன்றாகக் காய்ந்திருந்தன. அளவுக்கு வைத்திருந்த தகரப் பேணியில் தண்ணீர் நிரப்பி அவரிடம் நீட்டினேன். "இண்டைக்கு இதுகளுக்குத் தண்ணி வேணும் ஐயா. நீங்களே விடுங்கோ. ஒரு பைக்கு ஒரு பேணி."

முதல் பைக்கு விட்டுவிட்டு, மண் உறிஞ்சி முடியும்வரை குனிந்து நின்றார்.

"காணுமோ பிள்ளை? இன்னும் விடவோ?"

"காணும் ஐயா."

அடுத்த பைக்கு நகர்ந்தார்.

இப்போது எந்தப் பண்ணைக்குப் போனாலும், தராசை இறக்குமுன் அங்கே யார் யார் தண்ணீர் விடுகிறார்கள் என்று விசாரிக்கிறேன். ஒருவரிடம் ஊற்ற வேண்டாம் என்று சொல்ல நேர்ந்தால், எப்போது ஊற்றலாம் என்பதையும் அப்போதே சொல்லிவிடுகிறேன்.