ஸ்டெல்லா அக்காவும் எங்கள் கோவில் கூரையும்

ஸ்டெல்லா அக்கா போய்விட்டார்.

காலையில் நெஞ்சுவலி. ஆம்புலன்ஸ் மலையை விட்டு இறங்குவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது என்று அவர் மகன் போனில் சொன்னான். "சரிப்பா" என்றேன்.

இந்த வருஷம் எத்தனை பேருக்குத்தான் இப்படி எழுதுவது.

மலைமேல் செம்மேடு பஸ் ஸ்டாண்டில் இட்லிக் கடை வைத்திருந்தவர். எங்கள் மாதா கோவில் கமிட்டியில் என்னோடு இருந்தார். நாங்கள் ஒத்துப்போன நாள் குறைவு.

கோவில் ரொம்பப் பழையது. ரோடு இல்லாத காலத்தில், அடிவாரத்து முள்ளுக்குறிச்சியிலிருந்து சுண்ணாம்பைத் தலைச்சுமையாக ஏற்றிவந்து கட்டியது என்பார்கள். தடித்த கல் சுவர், பலாமர உத்தரம், நாட்டு ஓடு. மலைக்காற்றுக்குப் பயந்து கோபுரம் வைக்கவில்லை. மணி மட்டும் வெளியே தனியாகத் தொங்கும்.

பார்க்க அழகு. மழை வந்தால் உள்ளேயும் மழை.

இடித்துவிட்டு கான்கிரீட்டில் கட்டலாம் என்று முதலில் சொன்னவர் அக்காதான். நாங்கள் சிலர் கூடாது என்றோம். மீட்டிங்கில் எழுந்து நின்றார்.

"எங்கப்பன் சவப்பெட்டிக்குள்ள படுத்தும் இங்க நனைஞ்சாருங்க. உங்களுக்குப் பழசு வேணும். எனக்கு ஒழுகாத கூரை வேணும்."

ஆனால் சுவர் நன்றாக இருக்கிறது, கூரைதான் போச்சு என்று இஞ்சினியர் சொல்லியிருந்தார். கை தூக்கச் சொன்னபோது அக்கா பக்கம் தோற்றது.

இனி கோவில் பக்கமே வரமாட்டார் என்று நினைத்தேன்.

அடுத்த மழைக்கு எனக்கு முன்னால் அங்கே இருந்தார். கடைக் குண்டான்களைக் கொண்டுவந்து, ஒழுகும் இடத்திலெல்லாம் வைத்துக்கொண்டு...

"தோத்துட்டேன்னு மழை என்னைய உட்டுருமா தம்பி? அந்தப் பெஞ்சைத் தள்ளுங்க."

பிறகு கூரையை மாற்றும் வேலை வந்தது. தகரம் போட்டுவிடலாம் என்றார் பங்குச் சாமியார்.

"வேண்டாங்க சாமி. தகரத்துல மழை பேஞ்சா உங்க பூசை ஒருத்தருக்கும் கேக்காது. இடிக்கலைன்னா ஓடுதான்."

நாட்டு ஓட்டுக்கு எங்கே போவது? பக்கத்துத் திருப்புலி நாட்டு ஊர்களில் ஓட்டு வீட்டைப் பிரித்து மாடி கட்டுகிறவர்களைத் தேடிப் போனார் அக்கா. நானும் கூடப் போனேன். நாங்கள் களைத்துப் போய் நின்ற ஒரு வீட்டில், பிரித்த ஓடுகள் வாசலில் அடுக்கியிருந்தன.

"ஏனுங்க, இதை எங்க கோவிலுக்குக் குடுப்பீங்களா?"

அந்த வீட்டுக்காரர் கொஞ்சம் யோசித்தார். "எங்க கோவிலுக்குன்னு எடுத்து வெச்சதுங்க... பரவால்லீங்க, உங்க சாமியும் நனையக்கூடாதுல்ல. பாதி எடுத்துக்கங்க."

லோடு ஆட்டோவில் ஓடு உடையாமல் இருக்க, வைக்கோல் திணித்து, வளைவுக்கு வளைவு கையால் அணைத்துப் பிடித்தபடி பின்னாலேயே உட்கார்ந்து வந்தார்.

வேலை முடிந்து முதல் மழை. எல்லோரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றோம். ஒரு சொட்டு இல்லை.

அக்கா மட்டும் பெஞ்சில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். பக்கத்தில் போனேன்.

"ஒண்ணுமில்லை கண்ணு. செத்த நேரம் உக்காந்துக்கறேன்."

நாளை மதியம் அடக்கம். காலையிலிருந்து போன் அடித்துக்கொண்டே இருக்கிறது, எடுக்கத் தெம்பில்லை.

விடிவதற்கு முன்னால் எழுந்து அடுப்புப் பற்றவைக்கிற வேலை இனி உங்களுக்கு இல்லை.

தூங்குங்க அக்கா.