வெள்ளரிக்காய் தின்ற கெளுத்தி

வீட்டுக் கண்ணாடித் தொட்டிக்குப் புதிதாக வாங்கிய கெளுத்தி மூன்று நாளாக எதையும் தின்னவில்லை. கண்ணாடியில் வாயை ஒட்டிக்கொண்டு அப்படியே கிடந்தது.

தோப்பும்படி ஹார்பரில் மீன் எடுத்து மட்டாஞ்சேரியில் விற்கிறவன் நான். மீனுக்குத் தீனி போட எனக்கா தெரியாது என்று தினமும் நல்ல சாளை மீனாகப் பார்த்து நறுக்கிப் போட்டேன். தண்ணீரில் எண்ணெய் மிதந்ததுதான் மிச்சம்.

இன்று காலை, கெளுத்தியை விற்ற அலங்கார மீன் கடைச் சேட்டனிடம் போய்ச் சொன்னேன்.

"சாளையா? நீங்க தின்னுறதெல்லாம் அதுவும் தின்னணுமா? இது பாசி தின்னுற ஜாதி. பாதித் தண்ணிய மாத்துங்க. வெள்ளரிக்காய்த் துண்டை ஸ்பூன்ல செருகி உள்ள இறக்குங்க. லைட்டை அணைச்சுத் துணி போட்டு மூடுங்க. யாரும் எட்டிப் பாக்கண்டா."

என் லுங்கியைப் போட்டு மூடினேன். அதற்குப் பிறகு, பார்க்காமல் இருப்பதுதான் பெரும்பாடாக இருந்தது.

"கூடை கூடையா மீன் விக்கிற ஆளு, ஒரு மீன் தின்னலைன்னு இந்த நடை நடக்குது" என்றாள் மனைவி செல்வி.

மதியம் லுங்கியை விலக்கினேன். ஸ்பூனில் பச்சைத் தோல் மட்டும் வளையமாகத் தொங்கியது.

ஆக, எங்கள் வீட்டில் மீன் தொடாத ஒரே ஆள் மீன்தான். இந்த ஓணத்துச் சைவச் சாப்பாட்டுக்கு அதற்கும் ஓர் இலை போடவேண்டியதுதான். சாம்பார் ஊற்றலாமா என்பதைத் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.