ரிவர்ஸ் டீச்சர்

"இண்டிகேட்டர் போடுங்க. இடது பக்கமா ஒதுக்குங்க. ம், நிறுத்துங்க."

கார் ஓட்டப் பழக வந்த கணக்கர் நிறுத்தினார். என்ன தப்புச் செய்தோம் என்று தெரியாமல் ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டு முழித்தார். கிளட்சை ஒழுங்காகத்தான் விட்டிருந்தார். நாய்க்கும் வழி விட்டிருந்தார்.

"இப்ப ரிவர்ஸ் கியர்."

"எதுக்கு டீச்சர்? நேராத்தானே போகணும்?"

"உங்க பொருள் ஒண்ணு விழுந்துடுச்சு சார். பின்னாடி கிடக்கு."

கணக்கர் சட்டைப்பையைத் தடவினார். பர்ஸ் இருந்தது, போன் இருந்தது, கண்ணாடி மூக்கின்மேல் இருந்தது. பிறகுதான் பக்கவாட்டுக் கண்ணாடியில், தூரத்தில் சாலையில் வெள்ளியாய் ஏதோ மினுங்குவதைப் பார்த்தார். தொண்டைக் கரகரப்புக்கு அவர் வாயில் போட்டுக்கொண்ட மாத்திரையின் உறை.

"அந்தக் காகிதமா?"

"அதேதான். கண்ணாடியைப் பாத்துக்கிட்டே மெதுவா வாங்க. அது மேல ஏத்திடாதீங்க. கதவைத் திறந்து கையை நீட்டினா எட்டணும்."

முதல் தடவை வண்டி சாக்கடைப் பக்கம் போனது. அடுத்த தடவை நடுச்சாலைக்கு வந்தது. வியர்த்து விறுவிறுத்து, ஒருவழியாகக் கணக்கர் கதவைத் திறந்து குனிந்து அந்தத் துண்டை எடுத்தபோது, டீச்சர் கார் கதவின் பக்கப் பையைக் காட்டி, "அங்க வைங்க. ரிவர்ஸ் உங்களுக்கு வந்துடுச்சு" என்றார். அதற்கு முன் இரண்டு வாரமாக வராத ரிவர்ஸ்.

இப்படித்தான் அவருக்கு ரிவர்ஸ் டீச்சர் என்ற பெயர் வந்தது. கார் கூரையின்மேல் பொருத்தியிருக்கும் பலகையில் வேறு பெயர் இருக்கிறது, அதை யாரும் சொல்வதில்லை. ஐம்பதைத் தொடப்போகும் பெண்மணி. காதில் சின்னத் தோடு, காலில் மெல்லிய அடி வைத்த செருப்பு. குரலை உயர்த்தத் தெரியாது. சுவரில் முட்டப்போகிறவரிடம்கூட, "சுவரு நம்மளுக்காக நகராதுங்க" என்று சோறு போதுமா எனக் கேட்கிற தொனியில்தான் சொல்வார்.

குப்பை விஷயத்தில் அவருக்கென்று சில சட்டங்கள் உண்டு. போக்குவரத்து மிகுந்த சாலையென்றால் ரிவர்ஸ் கிடையாது. முன்னால் போய், வண்டியைத் திருப்பி, சுற்றிக்கொண்டு வந்து எடுக்க வேண்டும். அது யூ-டர்ன் பாடம். மேட்டில் எறிந்தவருக்கு மேட்டில் நிறுத்தி எடுக்கும் பாடம். எறிந்தவர்தான் எடுக்க வேண்டும்; டீச்சர் எடுத்துத் தர மாட்டார். ஒருமுறை ஒரு பள்ளி முதல்வர், "நான் ஆள் வச்சு எடுக்கச் சொல்றேன்" என்றார். "ஆளு வர்ற வரைக்கும் நாம இங்கேயே இருப்போம் சார்" என்றுவிட்டு டீச்சர் இன்ஜினை நிறுத்தச் சொன்னார். முதல்வர் இறங்கிப்போய் எடுத்துவந்தார்.

ஏன் இப்படி என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் சொல்வார். "ரிவர்ஸ் யாருக்கும் சுலபத்துல வராது. அதுக்கு ஒரு சாக்கு வேணுமே" என்பார் ஒருவரிடம். இன்னொருவரிடம், கூரைப் பலகையைக் காட்டி, "என் போன் நம்பர் எழுதியிருக்கு பாருங்க. இந்த வண்டியிலேர்ந்து எது விழுந்தாலும் அது எனக்கு விளம்பரம்" என்பார். கொஞ்சம் நெருங்கியவர்களிடம் மட்டும் வேறு மாதிரிப் பேசுவார். "காருக்குள்ள இருக்கிற வரைக்கும் அது என் பாட்டில். கண்ணாடி இறங்கின உடனே அது ரோட்டு பாட்டில். கை மாறவே இல்ல, ஆனா சொந்தக்காரன் மாறிடுறான். இது என்ன மாயம்னு எனக்கு இன்னும் புரியல. அதுவும் போடுறவங்க எல்லாம் ரொம்ப சுத்தக்காரங்க. கார் அழுக்காகக் கூடாதுன்னுதானே வெளிய போடுறாங்க."

அவர் பாடம் நடத்தும் பைபாஸ் ஓரத்தில் இல்லாத பொருள் இல்லை. நொறுக்குத்தீனி உறைகள், தண்ணீர் பாட்டில்கள், குழந்தைகளின் அணையாடைகள், பஞ்சு பிதுங்கிய ஒரு மெத்தை, வாய் உடைந்த ஒரு கழிவறைப் பீங்கான். ஒரு குடித்தனமே நடத்தலாம். அதையெல்லாம் அவர் தொடுவதில்லை. "ஊரைத் திருத்த எனக்கு லைசென்ஸ் இல்ல. என் வண்டிக்குத்தான் இருக்கு" என்பார்.

அவருடைய கணவர் வீட்டின் முன்னறையில் பல் கட்டுகிறார். அவர் செய்துவைத்த பல்வரிசைகள் மேசைமேல் எந்நேரமும் சிரித்துக்கொண்டிருக்கும். அவரைக் கேட்டால், மனைவிக்கு இது பிறவிக்குணம் என்பார். கல்யாணமான புதிதில் இருவரும் பஸ்ஸில் போனார்களாம். அவர் கடலை தின்றுவிட்டுப் பொட்டலக் காகிதத்தைச் சன்னல் வழியே விட்டார். புதுப்பெண் எழுந்தார், மணிக்கயிற்றை இழுத்தார், இறங்கிவிட்டார். "கோவிச்சுக்கிட்டுப் பொறந்த வீட்டுக்குப் போறாளாக்கும்னு பதறிட்டேன். அடுத்த ஸ்டாப்புல குதிச்சு ஓடி வந்து பாத்தா, கையில காகிதத்தோட எதிர்ல வர்றா. 'உங்களுது'ன்னு குடுத்தா. அன்னிலேர்ந்து நான் கடலையே தின்கிறதில்ல."

இந்தக் குணம் அவர் பிழைப்பிலேயே கைவைத்த ஒரு காலமும் உண்டு.

பேக்கரியில் அடுப்பறையில் வேலை பார்த்த ஒரு பெண் கார் கற்றுக்கொள்ள வந்தாள். நல்ல உயரம், கனத்த உடம்பு, ஆனால் பேச்சு மட்டும் எறும்புக்கும் கேட்காது. நாள் முழுக்க அனலில் நின்று அவளுக்குக் கால் வீங்கிப்போயிருந்தது. லைசென்ஸ் வாங்கிவிட்டால் ரொட்டி வண்டியை அவளிடம் கொடுப்பதாக முதலாளி சொல்லியிருந்தார். அந்த வேலைக்கு இன்னும் இரண்டு பேர் கண் வைத்திருந்தார்கள். "வீட்டுல சம்பாதிக்கிறது நான் ஒருத்திதான் டீச்சர். நின்னே செத்துடுவேன் போல இருக்கு. உக்காந்து பாக்கிற வேலை வேணும்" என்று வந்த அன்றைக்கே சொன்னாள். டீச்சர் அவளுக்குப் பேக்கரி மூடுகிற மதிய நேரத்தில் தன் சாப்பாட்டைத் தள்ளிவைத்துக் கற்றுக்கொடுத்தார். அவளும் கற்பூரம் மாதிரி பற்றிக்கொண்டாள்.

தேர்வு நாள் வந்தது. தேர்வு அதிகாரி முன் இருக்கையில், பெண் ஸ்டீயரிங்கில், டீச்சர் பின்னால். அதிகாரி கறாரானவர், லஞ்சத்துக்குக் கை நீட்டாதவர். அவர் 'பாஸ்' என்றால் அது பாஸ்தான் என்று ஊரில் பெயர். கையில் காகிதக் கோப்பையில் டீயோடு ஏறினார். அலுவலகத்துக்குப் பின்னால் இருக்கும் வெறிச்சோடிய சாலையில் வண்டி வழுக்கிக்கொண்டு போனது. அதிகாரியின் முகத்தில் திருப்தி தெரிந்தது. டீயை உறிஞ்சி முடித்தார். கோப்பையைச் சன்னல் வழியே விட்டார்.

இண்டிகேட்டர் டிக் டிக் என்றது. வண்டி இடப்பக்கம் ஒதுங்கி நின்றது. ரிவர்ஸ் விழுந்தது. இம்மி பிசகாமல் நேர்கோட்டில் பின்னால் போய், கதவைத் திறந்து கையை நீட்டினால் எட்டும் இடத்தில் நின்றது.

பின்னால் இருந்த டீச்சர் முன் இருக்கையைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார். பெண் வேண்டுமென்று செய்யவில்லை, அவள் கையும் காலும் தானாகச் செய்துவிட்டன என்பது அவருக்குத் தெரியும். பழக்கியவரே அவர்தானே. வாழ்க்கையில் முதல்முறையாக அவர் வேறு மாதிரி சொன்னார்:

"போம்மா. வண்டியை எடு, போ."

பெண் கண்ணாடி வழியாக அவரைப் பார்த்தாள். டீச்சருக்குத் தெரியாது போலிருக்கிறது என்று நினைத்துவிட்டாள். "கீழ விழுந்திருக்கு டீச்சர்" என்றாள், மெதுவாக.

அதிகாரி திரும்பவில்லை. "யார் நிறுத்தச் சொன்னது?" என்றார்.

டீச்சர் கதவைத் திறந்து இறங்கினார். கோப்பையை எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். மீதித் தேர்வு முழுக்க அது அவர் மடியிலேயே இருந்தது. அடியில் மிச்சமிருந்த டீ புடவையில் சொட்டியது.

முடிவு ஃபெயில். தேர்வின்போது சொல்லாமல் வண்டியை நிறுத்தினார் என்று காரணம்.

பெண் படிக்கட்டில் உட்கார்ந்து சத்தமில்லாமல் அழுதாள். டீச்சர் கொஞ்ச நேரம் பக்கத்தில் நின்றார். பிறகு அதிகாரியின் அறைக்குள் போனார். நாலைந்து பேர் காத்திருந்தார்கள்.

"சார், ஃபெயில் போட்டது சரி. சொல்லாம நிறுத்தக் கூடாது. ஆனா அது அவ தப்பில்ல, நான் பழக்கினது. அடுத்த தடவை நிறுத்த மாட்டா."

"சரி" என்றார் அதிகாரி.

டீச்சர் போகவில்லை. கோப்பையை மேசையின் ஓரத்தில், தாள்கள்மேல் டீ பட்டுவிடாமல் பார்த்து வைத்தார்.

"இது உங்களுது சார்."

அதிகாரி கோப்பையைப் பார்த்தார், டீச்சரைப் பார்த்தார். "அடுத்த ஆளு யாரு?" என்றார்.

அவர் அதற்குமேல் ஒன்றும் செய்யவில்லை. ஆனால் அறையில் காத்திருந்தவர்களுக்கு வாய் இருந்ததே. மற்ற டிரைவிங் பள்ளிக்காரர்களுக்கு அவல் கிடைத்தது, மென்றார்கள். 'அந்தம்மாகிட்ட கத்துக்கிட்டா அதிகாரி ஃபெயில் போட்டுடுவாரு' என்று பேச்சு பரவியது. பணம் கட்டியிருந்தவர்களே ஊருக்குப் போகிறோம், உடம்பு சரியில்லை என்று ஒவ்வொருவராக நழுவினார்கள். கார் வாசலிலேயே நின்றது. டீச்சர் அதைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"ஊர்ல கிடக்கிற குப்பையெல்லாம் நீ பெத்த பிள்ளையா?" என்று கணவர் ஒருநாள் கேட்டுவிட்டார். டீச்சர் துணியை உதறிக்கொண்டு மறுபடி காரைத் துடைக்கப் போனார். அவரை அரித்தது கார் நின்றது அல்ல. பேக்கரிப் பெண் இன்னும் அடுப்பின் முன் நின்றுகொண்டிருந்தாள். தன் பிடிவாதத்துக்கு அவள் கால் வீங்குகிறது என்ற நினைப்பு சோற்றில் கல்லாகக் கடித்தது.

அந்த வாரம் அவர் தன்னை மாற்றிக்கொண்டு பார்த்தார். மிஞ்சியிருந்த மாணவர்களில் ஒருவன், புதிதாக வேலைக்குப் போகிறவன், பிஸ்கட் உறையைச் சுருட்டி வெளியே விட்டான். டீச்சர் நிறுத்தச் சொல்லவில்லை. "மூணாவது கியர்" என்றார். அவன் நல்ல டீச்சர் என்று நினைத்திருப்பான்.

சாயங்காலம் பால் வாங்கப் போன மனைவி வெகுநேரமாகியும் திரும்பவில்லையே என்று கணவர் வாசலுக்கு வந்தார். டீச்சர் நடந்து வந்துகொண்டிருந்தார். செருப்பெல்லாம் புழுதி. பைபாஸ் வரைக்கும் நடந்திருக்கிறார்.

"பால் எங்கே?"

டீச்சர் கையைத் திறந்து காட்டினார். பிஸ்கட் உறை.

"தேடினேங்க. அதே மாதிரி அங்க நிறைய கிடக்கு. எது நம்மளுதுன்னு தெரியல. கிட்டத்தட்ட அதுதான்னு ஒண்ண எடுத்துட்டு வந்தேன்."

கணவர் அவரை மேலும் கீழும் பார்த்தார். சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் விட்டுவிட்டார். "ஊருக்கே சாப்பிடப் பல்லு கட்டிக் குடுக்கிறேன். நம்ம வீட்டுக்கு ஒரு வாய் சோறு போட மாட்டேனா? நீ பழையபடி ரிவர்ஸே எடு, தாயே" என்று சொல்லிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு தானே பால் வாங்கப் போனார்.

மறுநாள் டீச்சர் பேக்கரிக்குப் போனார். அடுப்பறையின் பின்கதவில் நின்று, "என்னால உன் பிழைப்புல மண்ணு விழுந்துடுச்சும்மா" என்றார்.

பெண் கையில் மாவோடு நின்றாள். "ரிவர்ஸ் கோணலா எடுத்தேனா டீச்சர்?"

"இல்ல. அவ்வளவு நேரா நானே எடுத்ததில்ல."

"அப்ப திரும்பப் போவோம்" என்றாள். எறும்புக்குக் கேட்காத அந்தக் குரலில் முதல்முறையாக ஒரு பிடி இருந்தது.

மறுதேர்வுக்கு அவளைத் தயார்செய்தபோது டீச்சர் ஒன்றே ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார். "நிறுத்தச் சொன்னா மட்டும் நிறுத்து. அவரு தன் வீட்டையே தூக்கி வெளிய போட்டாலும் நீ ரோட்டைப் பாரு. பாஸான பிறகு பொறுக்கிக்கலாம்."

அதே அதிகாரி வந்தார். வெளியே நின்று டீயைக் குடித்துவிட்டு வெறுங்கையோடு ஏறினார். வேண்டுமென்றே அப்படிச் செய்தாரா, இல்லை அன்றைக்கு அவசரமா என்று டீச்சருக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை. பெண் பாஸ். ரொட்டி வண்டி அதுவரை யாருக்கும் போகவில்லை; கண் வைத்திருந்த இருவரில் ஒருவன் ஒரு கம்பத்தை இடித்திருந்தான், மற்றவன் அதைப் பார்த்துப் பயந்துவிட்டான். மாணவர்களும் மெல்லத் திரும்பினார்கள். பேக்கரியிலிருந்தே மூன்று பெண்கள் வந்தார்கள்.

முதல் நாள் ரொட்டி வண்டியை எடுத்தபோது அவள் நேராக டீச்சர் வீட்டு வாசலுக்கு வந்து ஹாரன் அடித்தாள். "ஒரு ரவுண்டு வாங்க டீச்சர்." டீச்சர் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார். பின்னால் சூடான ரொட்டி வாசனை. வண்டி பைபாஸில் ஏறியது. சாலையோரம் அப்படியேதான் இருந்தது. மெத்தையோடு இப்போது ஒரு தலையணையும் சேர்ந்திருந்தது. முன்னால் போன காரிலிருந்து ஒரு பாட்டில் பறந்து விழுந்து உருண்டது. பெண் வேகத்தைக் குறைத்து, கண்ணாடி பார்த்து, அதன்மேல் ஏறாமல் லாகவமாக ஒதுக்கிப் போனாள்.

யார் ஓட்டும் வண்டியில் ஏறினாலும் டீச்சரின் வலது கால் சும்மா இராது. பஸ்ஸானாலும் சரி, சொந்தக்காரர்கள் காரானாலும் சரி, இல்லாத பிரேக்கைத் தேடித் தரையை அழுத்திக்கொண்டே வரும். தொழில் அப்படி. அன்று வண்டி வளைவில் திரும்பியபோது, டீச்சர் செருப்பைக் கழற்றிவிட்டு, இரண்டு கால்களையும் இருக்கையின்மேல் தூக்கி மடித்துச் சம்மணம் போட்டுக்கொண்டார்.