விளம்பரதாரர் வழங்கிய விதைப்பு

அரசு வானொலி இனிச் சொந்தக் காலில் நிற்க வேண்டும் என்பதை எங்களுக்குப் புரியவைக்க, கோவில்பட்டிக் கல்யாண மண்டபம் ஒன்றில் நேயர் கூட்டம் போட்டார்கள். தையல் கடையில் நாளெல்லாம் ரேடியோ கேட்பவள், நிலையத்துக்கு அடிக்கடி கடிதம் போடுபவள் என்பதால் எனக்கும் அழைப்பு வந்தது. மேலிடத்திலிருந்து வந்த அதிகாரி திரையில் படம் போட்டுக் காட்டினார். அரசு கொடுக்கும் பணம் குறையுமாம். ஒவ்வொரு நிகழ்ச்சியும் தனக்கு வேண்டிய காசை விளம்பரதாரரிடம் தானே தேடிக்கொள்ள வேண்டுமாம். இதற்குச் சீர்திருத்தம் என்று பெயர். பெற்ற பிள்ளையைத் தெருவில் விட்டுவிட்டு, 'அவன் சொந்தக் காலில் நிற்கிறான்' என்று பெருமை பேசும் தகப்பனை எங்கள் தெருவிலேயே பார்த்திருக்கிறேன். அவன்கூட அதற்குக் கூட்டம் போட்டு வடை கொடுத்ததில்லை.

காலை விவசாய நிகழ்ச்சியை ஒரு விதைக் கம்பெனி ஏற்றுக்கொள்ளப் போவதாக அறிவித்து, முன்வரிசையில் இருந்த கம்பெனிக்காரருக்குச் சால்வை போர்த்தினார்கள்.

எங்கள் பக்கம் முழுக்க மானாவாரி. ஓட்டப்பிடாரம் போகிற வழியில் எங்களுக்கும் கொஞ்சம் கரிசல் உண்டு. என் வீட்டுக்காரர் அதில் மக்காச்சோளம் போடுகிறார். புரட்டாசியில் முதல் மழை விழுந்ததும் எல்லோருக்கும் கை பரபரக்கும். அதை நம்பி விதைத்து, அடுத்த மழை வராமல் முளையைக் கருகவிட்டவர்கள் ஊரில் பாதிப் பேர். அந்த நேரத்தில் விவசாய நிகழ்ச்சி நடத்துபவர் ரேடியோவில் சொல்வார்: "இது விதைக்கிற மழையில்ல. பொறுங்க." அவர் சொன்ன உருப்படியான விஷயங்களில் பாதி இந்த ரகம்தான். மருந்து அடிக்காதீங்க. உரம் போடாதீங்க. பொறுங்க.

எழுந்து கேட்டேன். "பொறுங்கன்னு சொல்லுததுக்கு எந்தக் கம்பெனி சார் காசு கொடுக்கும்?"

அதிகாரி, சின்னப் பிள்ளையைப் பார்ப்பதுபோல் சிரித்தார். "நிகழ்ச்சியோட உள்ளடக்கத்துல விளம்பரதாரர் தலையிட மாட்டாங்கம்மா." சால்வையும் ஆமாம் என்று தலையாட்டியது.

"தீப்பெட்டி வாங்குனாக்கூட வரி கட்டுதோம்லா சார். அதுலேருந்து ரேடியோவுக்குக் கொடுங்க. நாங்க கேக்குத ரேடியோவுக்கு நாங்களே கொடுத்துட்டுப் போறோம்."

குறித்துக்கொள்வதாகச் சொன்னார். கையில் பேனாகூட இல்லை.

அந்த வருஷம் புரட்டாசியில் ஒரு மழை பெய்தது. மறுநாள் காலை அதே நிகழ்ச்சி, அதே குரல். "மழை தொடங்கியாச்சு, விதைக்க நேரம் வந்தாச்சு" என்றது. பின்னாலேயே கம்பெனியின் பாட்டு.

"அது விளம்பரம், நம்பாதீங்க" என்று வீட்டுக்காரரிடம் சொன்னேன்.

"ரேடியோவுல அவியளே சொல்லிட்டாவ. ஒனக்கு என்னட்டி தெரியும்?" என்று விதை மூட்டையோடு கிளம்பிவிட்டார்.

அவரைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. இத்தனை வருஷமாக ஏமாற்றாத குரலை, உழுது பிழைக்கும் ஒரு சம்சாரி எப்படிச் சந்தேகப்படுவான்? கம்பெனி கொடுத்த காசுக்கு அந்த நம்பிக்கையையும் சேர்த்துத் தூக்கிக் கொடுத்த மகராசர்கள்மேல்தான் ஆத்திரம் வந்தது. இன்றும் அது தீரவில்லை.

முளை வந்தது. அதற்குப் பிறகு காற்றுதான் அடித்தது. பயிர் சுருண்டு, வெளுத்து, மண்ணோடு போயிற்று. ஐப்பசியில் உண்மையான மழை இறங்கியபோது மறுபடி விதை வாங்க வேண்டியதாயிற்று. கயத்தாற்றுக் கடையில் அதே கம்பெனி விதைதான் இருந்தது. வாங்கி வந்த வீட்டுக்காரர் அன்று முழுக்க என் முகத்தைப் பார்க்கவில்லை.

தை மாதம் கம்பெனியிலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். "எங்க நிகழ்ச்சியைக் கேட்டு விதை வாங்குனீங்களா மேடம்?"

"வாங்குனோம். ஒரே வருஷத்துல ரெண்டு தடவை. மொதல்ல போட்டது பூரா கருகிட்டு."

"ரெண்டு தடவையா!" அவள் குரலில் அப்படி ஒரு சந்தோஷம். "ரொம்ப நன்றி மேடம். நிகழ்ச்சி மிகவும் பயனுள்ளதா இருந்ததுன்னு போட்டுக்கறேன்."