பெயர் கேட்டு வந்தவள்

பேய் என்று யாராவது பேச்செடுத்தால் கைகொட்டிச் சிரிக்கிற ஆள் நான். இப்போதும் பேய் உண்டு என்று சாதிக்க வரவில்லை. எனக்கு நடந்ததை மட்டும் சொல்கிறேன். "இருட்டில் ஏதோ கண் மயக்கம்" என்று சொல்லப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. இருநூறு வருடத்துக்கு முந்தைய பாதிரியார்களின் கோழிக் கிறுக்கலைக் கண்ணாடி போடாமல் படிக்கிற கண் இது. இதில் ஒரு கோளாறும் இல்லை.

என் பெயர் குன்வோர். வடக்கு நார்வேயில் ஒரு சின்னத் தீவு எங்களுடையது. நான் வேலை பார்த்த தபால் நிலையத்தை மூடிய பிறகு எனக்கு வாய்த்த வேலை, அமெரிக்காவில் இருக்கிற நார்வே வம்சத்தவர்களுக்கு முன்னோர்களைத் தேடிக் கொடுப்பது. தேவாலயப் பதிவேடுகள், பழைய குடிக்கணக்குகள் எல்லாம் இப்போது கணினியிலேயே கிடைக்கின்றன. கேட்கிறவர்கள் எல்லோருக்கும் ராஜ பரம்பரை வேண்டும். கிடைப்பதோ ஒரு பசு, இரண்டு ஆடு, எட்டுப் பிள்ளைகள். போதாததற்கு, பண்ணை மாறினால் குடும்பப் பெயரையும் மாற்றிக்கொண்ட ஜனங்கள் நாங்கள். தேடுகிறவர்களுக்குத் தலை கிறுகிறுத்துப் போகும்.

தூருன் என் ஒரே தங்கை. பள்ளிக்கூட ஆசிரியை. மூன்று முறை உண்டாகி, மூன்றும் தங்கவில்லை. நாற்பத்தொரு வயதில் நான்காவது முறை உண்டானாள். அவள் படியில் கால் வைத்தால் அவள் கணவன் ஐவின் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பான். நானும்தான்.

அக்டோபரில் ஒரு நாள் வந்தாள். ஊற்றி வைத்த காபியைத் தொடவே இல்லை.

"அக்கா, எனக்கு ஒரு கனவு வருது."

"பிள்ளைத்தாச்சிக்கு வராம வேற யாருக்குடி வரும்?"

"ஒரே கனவு. தினமும். ஒரு சின்னப் பொண்ணு. ஆறு வயசு இருக்கும். கட்டில் கால்மாட்டுல வந்து நிக்குது. தலையெல்லாம் ஈரம்."

"ஏதாவது பேசுதா?"

"இல்ல." சட்டென்று சொன்னாள். "பேசாது. பார்த்துக்கிட்டே நிக்கும்."

எனக்குப் புரிந்துவிட்டது. எங்கள் கரையில் இதை எல்லோரும் அறிவார்கள். கர்ப்பிணியின் கனவில் செத்தவர்கள் வந்தால், பெயர் கேட்டு வருகிறார்கள் என்று அர்த்தம். பிறக்கிற பிள்ளைக்கு அவர்கள் பெயரை வைத்துவிட்டால் அமைதியாகப் போய்விடுவார்கள். வைக்காவிட்டால் பிள்ளை தங்காது.

"படிச்சவ பேசுற பேச்சாடி இது?" என்று சீறினேன்.

"அது யாருன்னு கண்டுபிடிச்சுக் குடு. இந்த ஒண்ணாவது எனக்கு நிக்கணும் அக்கா." சொல்லிவிட்டு அழுதாள். கல்லாக இருக்க நான் யார்? அன்றைக்கே கணினியைத் திறந்தேன்.

அம்மா வழி, அப்பா வழி, இரண்டிலும் தேடினேன். ஐந்து வாரம் ஆனது. எங்கள் வம்சத்தில் செத்துப்போன குழந்தைகளுக்குப் பஞ்சமே இல்லை. இருமல், அம்மை, பசி, கடல். ஆனால் ஒரு வழக்கம் எனக்கு உதவியது. அந்தக் காலத்தில் ஒரு பிள்ளை செத்தால் அடுத்துப் பிறக்கிற பிள்ளைக்கு அதே பெயரை வைத்துவிடுவார்கள். அப்படிப் பெயர் கிடைத்தவர்கள் கேட்டு வரமாட்டார்கள். ஆகவே, யாருடைய பெயர் மறுபடி வைக்கப்படவே இல்லையோ, அவளைத்தான் நான் தேட வேண்டும்.

அகப்பட்டாள். 1865 குடிக்கணக்கில், தீவின் வடகோடிப் பண்ணையில், யூஹான் என்பவரின் மூத்த மகள் மாரென். வயது ஆறு. அடுத்த ஜனவரியில் தேவாலயத்தின் இறப்புப் பதிவில் அவளே இருந்தாள். கடலில் மூழ்கி இறந்தாள். பிறகு அந்த வீட்டில் இரண்டு பெண் பிள்ளைகள் பிறந்தார்கள். ஒருத்திக்கும் அவள் பெயரை வைக்கவில்லை. ஏன் என்று யாருக்குத் தெரியும்?

தூருனுக்குப் போன் செய்தேன். அந்தப் பக்கம் அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

"மாரென். நல்ல பேருக்கா. பிள்ளைக்கு அதையே வைக்கிறோம்னு அவகிட்ட போய்ச் சொல்லிட்டு வாயேன். நான் இந்த வயித்தோட வழுக்குல நடக்க முடியாது."

"செத்தவளுக்குத் தூது போறதுக்கும் நான்தானா?"

"வேற யாரு இருக்கா எனக்கு?"

டிசம்பர் இருபத்து மூன்றாம் தேதி தேவாலயக் கல்லறைத் தோட்டத்துக்குப் போனேன். மறுநாள் தொடங்கும் கிறிஸ்துமஸுக்கு ஊரே கல்லறைகளில் மெழுகுவர்த்தி ஏற்ற வரும். கூட்டத்தில் நின்று தனியாகப் பேசினால் எனக்குப் பைத்தியம் என்பார்கள். அதனால்தான் முந்தின நாள். இரவு என்று நினைக்காதீர்கள். மாலை மூன்று இருபது. எங்கள் ஊரில் டிசம்பர் மாதம் அந்த நேரத்துக்கே கும்மிருட்டு. குளிர் பூஜ்யத்துக்குக் கீழே எட்டு. காற்று இல்லை.

வடக்குச் சுவரோரம், மாரென் காலத்து ஏழைகளை அடக்கிய மூலை. அங்கே இப்போது கல்கூடக் கிடையாது. வெறும் பனி. டார்ச்சைக் கீழே வைத்தேன். மெழுகுவர்த்தியைப் பொருத்தினேன்.

"மாரென், உன் பேரை வைக்கிறோம். சந்தோஷமா? இனி என் தங்கச்சியை விட்டுடு."

எனக்கே சிரிப்பு வந்தது.

அப்போதுதான் கேட்டது.

சொட்...

சொட்...

பனி உருகும் சத்தம் என்று நினைத்தேன். அந்தக் குளிரில் எது உருகும்?

டார்ச்சை எடுத்துத் திரும்பினேன்.

சுவரோரம் ஒரு சிறுமி நின்றாள்.

தலைமுடியிலிருந்து தண்ணீர் சொட்டியது. உறையவில்லை. என் மூச்சு புகையாக வந்தது. அவள் வாயிலிருந்து புகை வரவில்லை.

இடது புருவம் நடுவில் பிளந்திருந்தது. மேல்வரிசையில் ஒரு பல் இல்லை. அந்த முகத்தை இன்றைக்கும் என்னால் வரைய முடியும்.

"நீ... மாரெனா?"

தலையாட்டினாள்.

"இதுதானா உன் இடம்?"

மூலையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"இன்னும் இல்ல."

மெழுகுவர்த்தி அணைந்தது...

மறுபடி டார்ச்சைத் திருப்பினேன். சுவர்தான் இருந்தது. பனியில் என் காலடி மட்டும். அவள் நின்ற இடத்தில் ஒரு கையகல ஈரம். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது உறைந்தது.

ஓடினேன். ஐம்பது வயதில் நான் அப்படி ஓடியதை யாரும் பார்க்கவில்லை என்பதுதான் ஒரே ஆறுதல். வீட்டுக்கு வந்து எல்லா விளக்கையும் போட்டுக்கொண்டு யோசித்தேன். இன்னும் பெயர் வைத்து ஞானஸ்நானம் ஆகவில்லை, அதனால் அவளுக்கு இன்னும் அமைதி இல்லை, அதைத்தான் சொன்னாள் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். தூருனிடம் மூச்சு விடவில்லை. நிறைமாதக்காரியிடம் இதையா சொல்வது?

ஜனவரியில் குழந்தை பிறந்தது. பெண். மூன்றரைக் கிலோ. தொண்டை கிழியக் கத்தினாள். மாரென் என்று பெயர் வைத்தார்கள். கனவு அன்றோடு நின்றது என்றாள் தூருன். நான் அப்பாடா என்று பெருமூச்சு விட்டேன்.

நான்கு வருடம் சொர்க்கம். என் மடிதான் அவளுக்கு நாற்காலி. சர்க்கரையும் பட்டைப் பொடியும் தூவிய பால்கஞ்சியை நான் ஊட்டினால்தான் இறங்கும். "பெரியம்மா, செத்துப்போனவங்க கதை சொல்லு" என்று கணினி முன்னால் வந்து உட்கார்ந்துகொள்வாள்.

நான்காவது வயதில் பெஞ்சு முனையில் விழுந்து அடிபட்டாள். மூன்று தையல். கட்டுப் பிரித்த அன்று ஆசையாகப் பார்க்கப் போனேன்.

இடது புருவம். நடுவில் பிளந்திருந்தது.

காபிக் கோப்பையை எங்கே வைத்தேன் என்று எனக்கு நினைவில்லை.

அதன்பிறகு எனக்குச் சரியான தூக்கமே இல்லை. வருடத்துக்கு வருடம் அவள் முகம் மாறிக்கொண்டே வந்தது. தாடை வந்தது. பார்வை வந்தது. ஐவினை நச்சரித்துப் படகுத்துறைக்குக் கம்பிவேலி போட வைத்தேன். நீச்சலுக்கு நானே கூட்டிப்போனேன். கோடையில்கூட மிதவைச் சட்டையைக் கழற்ற விடமாட்டேன். "உங்க அக்காவுக்குக் கடல்னா கிலி பிடிச்சிடுச்சு" என்று ஐவின் கேலி செய்தான். தூருன் மட்டும் சிரிக்கவில்லை. அப்போது எனக்கு அது உறைக்கவில்லை.

ஆறாவது வயதில், பிப்ரவரியில் ஒருநாள் ஓடி வந்தாள்.

"பெரியம்மா, பாரு! பல்லு விழுந்துடுச்சு!"

வாயைத் திறந்து காட்டினாள்.

அவளைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். "வலிக்குது பெரியம்மா, விடு" என்றாள். விட மனசே வரவில்லை.

ஒன்பது நாள் கழித்து, பள்ளி விட்டு வரும் வழியில், துறையில் உறைபனி வழுக்கி... வேண்டாம். அதற்கு மேல் சொல்ல என்னால் முடியாது. வேலிக்கும் பாறைக்கும் நடுவில் ஒரு முழ இடைவெளி இருந்தது. அவ்வளவுதான்.

அடக்கம் முடிந்தது. ஊர்க்காரர்கள் காபி குடித்துவிட்டு, ஐவினைத் தோளில் தட்டிவிட்டுப் போனார்கள். பட்டப்பகல். தேவாலயக் கூடத்துச் சமையலறையில் நானும் தூருனும் மட்டும். அவள் கோப்பைகளைக் கழுவினாள், நான் துடைத்தேன். ஆறு வருடத்துக்கு மேல் நெஞ்சில் அடைத்து வைத்திருந்ததை அங்கே கொட்டிவிட்டேன். சுவரோரம் நின்ற சிறுமி, புருவம், பல், அவள் சொன்ன வார்த்தை, எல்லாம்.

என்னை அறைவாள் என்று நினைத்தேன். குழாயை மூடினாள். திரும்பவில்லை.

"கனவுல அவ பேசமாட்டான்னு உன்கிட்ட சொன்னேன். பொய்."

"என்ன பேசினா?"

"அம்மான்னு கூப்பிட்டா. ஒவ்வொரு தடவையும் என்னைப் பார்த்து அம்மா, குளிருதும்மான்னா."

துடைத்துக்கொண்டிருந்த துணியைக் கீழே போட்டேன். பிறகு கேட்டேன். "அப்போ உனக்குத் தெரியும். தெரிஞ்சும் ஏன்டி என்னைத் தேடச் சொன்னே?"

ஈரக் கையாலேயே முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

"என்னைக்கோ செத்துப்போன வேற யாரோ ஒருத்தியா அவ இருக்கணும்னுதான் அக்கா. நீ தேடினா எப்படியும் ஒருத்தியைக் கண்டுபிடிச்சிருவேன்னு தெரியும்."