கரண்டியக்காவும் பதினான்கு வெள்ளி நாணயங்களும்

ஓட்டலில் அவளைக் கரண்டியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் இருந்தது. அது அங்கேயே இருந்துவிட்டுப் போகட்டும். இருபத்தாறு வருஷமாகக் கீழ்த்தளத்தில், ஜன்னல் இல்லாத ஓர் அறையில், விருந்துக்கூடத்து வெள்ளிச் சாமான்களைத் தேய்க்கிற வேலை. பெரிய விருந்து என்றால் நானூறு கரண்டி, நானூறு முள்கரண்டி, கத்திகள் தனி. ரோஸ் நிறப் பசையைத் துணியில் தொட்டு, சின்னச் சின்ன வட்டமாகத் தேய்த்து, வெந்நீரில் அலசி அடுக்குவாள். மணிக்கட்டு இரண்டும் எப்போதோ கெட்டுவிட்டன. சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் டம்ளரைக்கூட இரண்டு கையாலும் பிடித்துத்தான் தண்ணீர் குடிப்பாள்.

அவள் புருஷன் மேசை நாற்காலி விற்கிற கடையில் லாரி டிரைவர். ஓட்டுவது மட்டும் என்றால் பரவாயில்லை. பீரோவை மூன்றாவது மாடிக்குத் தூக்குவதும் அவர் தலையில்தான் விடியும். முதுகெலும்பில் டிஸ்க் விலகி மூன்று வருஷம் ஆயிற்று. மனிதருக்கு ஒரே ஓர் ஆடம்பரம் உண்டு. நாணயச் சாலை வருஷத்துக்கு ஒரு முறை வெளியிடுகிற வெள்ளி நாணயம். பதினான்கு வருஷத்தில் பதினான்கு வாங்கியிருந்தார். ஒவ்வொன்றும் வட்டமான கண்ணாடி பிளாஸ்டிக் கூட்டுக்குள், அந்தக் கூடு நீல அட்டைப்பெட்டிக்குள், கூடவே எண் அச்சடித்த சான்றுச் சீட்டு. நகத்தால் நெம்பினால் கூடு திறந்துகொள்ளும். அவர் ஒருநாளும் நெம்பியதில்லை. ஷூ பெட்டி, மாத்திரை டப்பா என்று எங்கே ஈரம் உறிஞ்சுகிற பொட்டலம் கிடைத்தாலும் பொறுக்கிக்கொண்டு வந்து அந்த அலமாரியில் போடுவார்.

"பாருங்க, ஒரு புள்ளி இருக்கா? பராமரிப்புன்னா இதுதான்," என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பீற்றிக்கொள்வார்.

புள்ளி வராமல் என்ன? ஆறாவது வருஷமே வந்துவிட்டது. பால் தெறித்தாற்போல் வெள்ளைத் திட்டுகள், ஓரத்தில் பழுப்பு. அவர் வெளியூருக்குச் சாமான் ஏற்றிப் போயிருந்த ஒரு நாள் கரண்டியக்கா அதைப் பார்த்துவிட்டாள். ஊரார் வீட்டு வெள்ளி முகம் பார்க்கும்படி மின்னும்போது நம் வீட்டு வெள்ளி அழுது வடிவதா? ஓட்டல் பசையில் விரல்நுனி அளவு கொண்டுவந்து, தேய்த்துத் துடைத்து, பழையபடி மூடி வைத்தாள். அதன்பிறகு அவர் வெளியூர் போகிறபோதெல்லாம் அதே வேலை, காதும் காதும் வைத்தாற்போல், எட்டு வருஷம். பெருமையைப் பொட்டலங்களுக்கே விட்டுக்கொடுத்திருந்தாள். அவர் பூரித்துப் போவதைப் பார்க்க அவளுக்குப் பிடித்திருந்தது.

அவருக்கு ஓய்வூதியம் வர இன்னும் இரண்டு வருஷம். முதுகு அதுவரை தாங்காது. நாணயங்களை நல்ல விலைக்கு விற்றால் அந்த இரண்டு வருஷத்தையும் வேலைக்குப் போகாமலே ஓட்டிவிடலாம் என்பது அவர் கட்டியிருந்த கோட்டை. என்ன விலை போகும் என்று கேட்டு வரத்தான் இந்தச் சனிக்கிழமை காலை இருவரும் நாணயக் கடைக்குப் போனார்கள். நாணயங்களைக் கொண்டுபோகவில்லை; பஸ்ஸில் குலுங்குமாம். போனில் படம்தான்.

"பெட்டியோட வச்சிருக்கீங்க, நல்லது," என்றார் கடைக்காரர். "ஆனா பெட்டிக்காக யாரும் அள்ளிக் குடுக்க மாட்டாங்க. கிரேடிங்குக்கு அனுப்பினா நிபுணர்கள் பாத்து எழுபதுக்கு இத்தனைன்னு மார்க் போட்டு, வேற டப்பாவுல சீல் வச்சுத் தருவாங்க. அறுபத்தொம்பது, எழுபது வந்தா நீங்க ராஜா. கம்மியா வந்தா கட்டின கட்டணமும் தண்டம்."

"அனுப்பலாமா வேணாமான்னு எப்படிங்க தெரியும்?"

"லென்ஸ் ஒண்ணு தரேன். வெயில்ல வச்சுப் பாருங்க. யாராவது தொடச்சிருந்தா மட்டும் அனுப்பாதீங்க. மார்க்கே போட மாட்டாங்க, 'துடைக்கப்பட்டது'ன்னு எழுதித் திருப்பி அனுப்பிடுவாங்க. அப்புறம் அது வெறும் எடைக்குத்தான் போகும்."

"எங்க வீட்ல யாருங்க தொடைக்கப் போறா?" என்று சிரித்தார் அவர்.

கரண்டியக்கா முந்தானையில் விரல்களைத் துடைத்துக்கொண்டாள்.

திரும்பி வரும் பஸ்ஸில் அவர், கடைக்காரர் கொடுத்த கிரேடிங் விண்ணப்பத்தை மடியில் வைத்துக்கொண்டு கேட்டார். "அனுப்பலாமா, வேணாமா? நீ சொல்லு."

அவள் ஜன்னல் பக்கம் பார்த்தாள். வாயைத் திறந்தால் இந்த மனிதர் இன்னும் இரண்டு வருஷம் பீரோ தூக்க வேண்டும். திறக்காவிட்டால் கட்டணத்தையும் கட்டிவிட்டு அதே இரண்டு வருஷம் தூக்க வேண்டும். அனுப்ப வேண்டாம் என்று சும்மா ஒரு சாக்குச் சொன்னால், நாணயத்துக்கு விலை இருக்கிறதாக நினைத்து இருக்கிற வேலையையும் விட்டுவிடுவார். எந்தப் பக்கம் யோசித்தாலும் அவர் முதுகில்தான் போய் நின்றது. "வீட்டுக்குப் போயி பாத்துக்கலாங்க," என்றாள்.

மத்தியான வெயில் மேசைமேல் விழுந்தது. அவர் கையைக் கழுவி, துடைத்து, முதல் கூட்டை லென்ஸுக்குக் கீழே வைத்தார்.

"என்ன இது, வட்ட வட்டமா கோடு?"

அவர் இரண்டாவதை எடுத்தார். மூன்றாவதை எடுத்தார். அவர் முகம் தெளிந்தது.

"எல்லாத்துலயும் ஒரே மாதிரி இருக்கு. அப்ப அச்சடிக்கிற மெஷின் கோடுதான். நான் என்னமோ ஏதோன்னு பயந்துட்டேன்."

"மெஷின் இல்லைங்க," என்றாள். "என் கை."

அவர் லென்ஸைக் கீழே வைத்தார்.

"கறை புடிச்சுப் போச்சு. மனசு கேக்கல. ஓட்டல் பசை போட்டுத் தேச்சேன். எட்டு வருஷமா. எனக்குத் தெரிஞ்சதே அது ஒண்ணுதான்."

"பதினாலையுமா?"

"பதினாலையும்."

அவர் அலமாரியைப் பார்த்தார். "அப்ப அந்தப் பொட்டலம் எதுவும் வேலை செய்யலையா?"

"இல்லைங்க."

ஒரு சத்தம் போட்டிருக்கலாம். டப்பாவைத் தூக்கி எறிந்திருக்கலாம். அவள் அதற்குத் தயாராகத்தான் நின்றாள். அவர் பதினான்கு பெட்டிகளையும் வருஷ வரிசையில் அடுக்க ஆரம்பித்தார். அதைப் பார்க்கத்தான் அவளால் முடியவில்லை. அழுகை வரவில்லை, அதற்கும் கொஞ்சம் தெம்பு வேண்டும்.

"ரெண்டு வருஷம்தானே," என்றாள் கடைசியில். "வண்டி மட்டும் ஓட்டறேன், தூக்க மாட்டேன்னு முதலாளிகிட்டக் கேட்டுப் பாருங்க. வேலையை மட்டும் விட்டுடாதீங்க."

"லெட்டர் குடுத்துட்டேன்."

"எப்ப?"

"நேத்து சாயங்காலம். இன்னிக்குக் கடையில நல்ல சேதிதான் சொல்வாங்கன்னு நெனச்சேன்." விண்ணப்பத்தை நாலாக மடித்தார். "திங்கக்கிழமை போயி லெட்டரைத் திருப்பிக் கேக்கணும். தனியாப் போக வெக்கமா இருக்கு. நீயும் வரியா?"

திங்கட்கிழமை ஓட்டலில் நானூறு பேர் விருந்து. லீவு கேட்டால் மேனேஜர் கடித்துக் குதறிவிடுவார்.

"வரேங்க," என்றாள்.