ஒடீலியா செய்த ராஜா கேக்

ஒடீலியா பார்போவைப் பற்றிக் கேட்டால் எங்கள் ஊரில் படகுக்காரன் மனைவி என்றுதான் ஆரம்பிப்பார்கள். நான் பொறாமைக்காரி என்று ஆரம்பிப்பேன். அவள் பொறாமைப்பட்டது என்மேல்தான். எனக்கு அந்த உரிமை உண்டு.

மிசிசிப்பி ஆறு கரையை உடைத்து வீட்டைக் கொண்டுபோன வருஷம்கூட அவள் அழவில்லை. சேற்றில் கிடந்த அடுப்பைக் கழுவி நிமிர்த்தி, மணல் மூட்டை அடுக்கியவர்களுக்கு சூப் காய்ச்சினாள். அவள் கணவன் குளோவிஸ் கார்களைப் படகில் ஏற்றி அக்கரை சேர்ப்பான்; டிக்கெட் கிழிப்பது அவள். சோளக்கொல்லை, பிள்ளைகள், எல்லாம் அவள் தலையில்தான். அப்படிப்பட்டவளுக்கு ஒரே ஓர் ஆசை. ஜனவரி மாதத்து ராஜா விருந்தில் ஒரு தடவையாவது ராணி ஆகிவிட வேண்டும்.

அந்த விருந்தில் கேக் ஆண்களுக்குத்தான். உள்ளே ஒரு மொச்சையைப் புதைத்துச் சுடுவார்கள்; எவன் துண்டில் அது இருக்கிறதோ அவன் ராஜா. அவன் யார் தலையில் கிரீடம் வைக்கிறானோ அவள் ராணி. நான் மூன்று தடவை ஆகியிருந்தேன். என் முகவெட்டு அப்படி. ஒவ்வொரு தடவையும் ஒடீலியா ஓடிவந்து என் கன்னத்தில் முத்தமிடுவாள்.

"உனக்குத்தான்டி இர்மா இது பொருந்துது. மத்தவ தலையில வச்சா சட்டியக் கவுத்த மாதிரி இருக்கும்!"

வாய் சிரிக்கும், வயிறு எரியும். எனக்கா தெரியாது?

அந்த வருஷம் கேக் செய்வது அவள் முறை. மொச்சையைப் புதைத்த இடத்துக்கு மேலே அடையாளமாக ஒரு பெக்கான் கொட்டையின் பருப்பைப் பதித்திருந்தாள். கேக் வெட்டும் கத்தியையும் தானே வாங்கிக்கொண்டாள். பருப்பு வைத்த துண்டு நேராகக் குளோவிஸ் தட்டுக்குப் போனது. புது நீல கவுன். கிரீடம் உட்காரத் தோதாகக் கொண்டையையும் தாழ்த்திப் போட்டிருந்தாள். கள்ளி! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

குளோவிஸின் பல்லில் மொச்சை தட்டியது. கூடமே கைதட்டியது.

"ராஜாவே, ராணி யாருப்பா? சட்டுனு சொல்லு!"

கிரீடத்தை எடுத்தவன் ஒடீலியாவைத் தாண்டி வந்து என் தலையில் வைத்தான்.

அவள் முகம் வெளுத்துவிட்டது. "என்னங்க, என்ன பண்ணிட்டீங்க?"

"நீதானடி வருஷா வருஷம் சொல்லுவே? இர்மாவுக்குத்தான் பொருந்தும், மத்தவளுக்குச் சட்டி மாதிரின்னு. நீ சொன்னா சரியாத்தானே இருக்கும்!"

நுணலும் தன் வாயால் கெடும். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அவள் வழக்கம்போல வந்து முத்தமிட்டாள். உதடு ஜில்லென்றிருந்தது.

ராஜாவும் ராணியும் ஆட வேண்டும். ஆடும்போது குளோவிஸின் கண் என்மேல் இல்லை. "அவ இன்னும் ஒண்ணும் சாப்பிடல. அடுப்புகிட்டயே நின்னுட்டிருந்தா," என்றான். பாட்டு முடிந்ததும் ஒரு கிண்ணம் சூப்பை எடுத்துக்கொண்டு அவளிடம் ஓடினான். அவள் முகத்தைத் திருப்பிக்கொள்ள, இவன் குனிந்து ஊதி ஊதிக் கொடுத்தான். எனக்குச் சிரிப்பு நின்றுபோனது.

மறுநாள் காலை கிரீடம் சாப்பாட்டு மேசைமேல் இருந்தது. விருந்து முழுக்க மூலையில் சீட்டாடிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் எமில், வெண்ணெய் எடுப்பதற்காக அதை ஓரமாகத் தள்ளினார்.

"நேத்து யாரு ராணி?" என்றார்.